காலேஜ் ஸ்ட்ரீட்டை நடந்து பார்க்க மூன்று வழி: யாருக்கு எது சரி?

கொல்கத்தா போகிற நண்பர்கள் யாராவது "ஒரு நாள் மிச்சமிருக்கு, காலேஜ் ஸ்ட்ரீட் பார்க்கணும், கைடு வைக்கணுமா, தனியாவே போயிடலாமா?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எத்தனை மணிக்குப் போவீர்கள், யாரோடு போகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்பேன். நான் மூன்று முறை மூன்று விதமாக அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். ஒருமுறை பணம் கட்டி ஒரு குழுவோடு, ஒருமுறை தனியாக, ஒருமுறை அங்கேயே படித்த நண்பரோடு. மூன்றிலும் தெரு ஒன்றுதான், ஆனால் பார்த்தது மூன்று வெவ்வேறு இடங்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன், போகிறவர்கள் தங்களுக்குத் தோதானதைத் தேர்ந்துகொள்ளட்டும்.

முதலில் இடம். தெற்கே பவ்பஜார் சந்திப்பில் தொடங்கி வடக்கே மகாத்மா காந்தி ரோடு வரை போகிற தெரு இது. மேற்குப் பக்கமாகக் கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்: 88 மருத்துவக் கல்லூரி, 87 ஹேர் பள்ளி, 87/1 கல்கத்தா பல்கலைக்கழகம், 86/1 பிரசிடென்சி. எதிர்ப்பக்கம் சமஸ்கிருதக் கல்லூரி, ஹிந்து பள்ளி, அப்புறம் காலேஜ் ஸ்கொயர் குளம். பிரசிடென்சிதான் மூத்தது, 1817-இல் ஹிந்து கல்லூரியாகத் தொடங்கி 1855-இல் பெயர் மாறி 2010-இல் பல்கலைக்கழகமானது. சமஸ்கிருதக் கல்லூரி 1824. மருத்துவக் கல்லூரி 1835 ஜனவரி 28, நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஐந்தே நாள் அண்ணன், அது பிப்ரவரி 2. பல்கலைக்கழகங்கள் இரண்டுமே 1857-இல் பிறந்தவை. ஆனால் சென்னையில் ஒன்று கடற்கரையில், ஒன்று சென்ட்ரல் பக்கம் என்று தள்ளித் தள்ளி நிற்கும். இங்கே எல்லாம் ஒரே தெருவில், தோளோடு தோள் உரசிக்கொண்டு.

இந்தக் கல்லூரிகளின் மதில் கம்பிகளில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக மரப்பெட்டிக் கடைகள், தகரக் கடைகள், எல்லாமே புத்தகம். ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'பொய் பாடா', புத்தகப் பேட்டை என்று அர்த்தம். ('பொய்'யில் வரும் 'பொ'வை நம் பொய் மாதிரி சொல்லக் கூடாது, 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப அது. வங்காளியில் 'பொய்' என்றால் புத்தகம்.) எரிந்துபோவதற்கு முன்னால் மூர் மார்க்கெட்டைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அதை ஒரு முழுத் தெருவாக நீட்டி, பக்கத்திலேயே நான்கைந்து கல்லூரிகளையும் வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். கிட்டத்தட்ட சரியான சித்திரம் கிடைக்கும்.

சரி, இப்போது முதல் வழி: குழு நடை.

கொல்கத்தாவில் இப்போது இப்படி அழைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு மெட்ரோ வாசலில் கூடச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், கையில் தண்ணீர் பாட்டில், முன்னால் கைடு. அந்தப் பெண் சொன்ன கதைகளை இன்றுவரை மறக்கவில்லை. பிரசிடென்சி வாசலில் நிற்க வைத்து டெரோசியோவைப் பற்றிச் சொன்னார். ஹென்றி லூயி விவியன் டெரோசியோ, 1826-இல் ஹிந்து கல்லூரியில் ஆசிரியராகச் சேரும்போது வயது 17. மாணவர்களுக்கும் அவருக்கும் வயது வித்தியாசமே கிடையாது. எதையும் கேள்வி கேள் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், பையன்களும் கேட்டார்கள், பெற்றோர்கள் கொதித்தார்கள். 1831-இல் வேலையை விட்டு அனுப்பினார்கள், அதே வருடம் டிசம்பரில் காலராவில் இறந்துபோனார், 22 வயது. அவ்வளவு சின்ன வயதில், ஐந்தே வருட வேலையில், ஒரு ஊரின் பேச்சையே மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். இதை அந்த வாசலில் நின்று கேட்பது வேறு, வீட்டில் உட்கார்ந்து படிப்பது வேறு.

அதே மாதிரி காலேஜ் ஸ்கொயரில் டேவிட் ஹேரின் சமாதி. ஸ்காட்லாந்திலிருந்து கடிகாரம் செய்ய வந்தவர், கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு பள்ளிக்கூடம் கட்டுவதில் இறங்கியவர். 1842-இல் அவரும் காலராவில்தான் போனார். கிறித்துவக் கல்லறையில் அவருக்கு இடம் தரவில்லை என்றும், அதனால்தான் தான் பாடுபட்டு வளர்த்த கல்லூரிக்கு எதிரிலேயே புதைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். தனியாகப் போனால் அந்தச் சமாதியைத் தாண்டிப் போய்விடுவீர்கள், நான் சத்தியம் செய்வேன். பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்கள், பையன்கள் குளத்தில் நீச்சல் பழகிக்கொண்டிருப்பார்கள், யாரும் உங்களைக் கூப்பிட்டு இது இன்னாருடைய சமாதி என்று சொல்லப் போவதில்லை. குழு நடையின் பலம் இதுதான். இந்த இடத்தில் முக்கால்வாசி விஷயம் கண்ணுக்குத் தெரியாது, சொல்ல ஆள் வேண்டும்.

பலவீனம் நேரம். காலை ஏழு மணிக்குக் கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும். தார்ப்பாயும் கயிறும் பூட்டும்தான். தெரு காலியாக இருப்பதால் கட்டடங்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், அது உண்மை. ஆனால் புத்தகப் பேட்டையில் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாமல் திரும்புவது என்னைப் பொறுத்தவரை பெரிய நஷ்டம். காபி ஹவுஸ் ஒன்பது மணிக்குத் திறந்ததும் எங்களை உள்ளே கூட்டிப்போய், இருபது நிமிடத்தில் வெளியே கூட்டிவந்தார்கள். இன்னொரு வருத்தமும் உண்டு. பதிவு செய்யும்போது பல்கலைக்கழகத்துக்குள்ளே கூட்டிப்போவோம் என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் காவலர் மறுத்துவிட்டார், முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கவில்லை. பணத்தில் ஒரு பகுதியாவது திருப்பித் தருவார்களா என்று கேட்டதற்கு, "கட்டடத்தை வெளியிலிருந்தே பார்க்கலாமே" என்றார்கள். எனவே நீங்கள் பதிவு செய்வதாக இருந்தால், எந்தெந்தக் கட்டடத்துக்குள்ளே நிஜமாகவே போவோம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் நடத்துகிற குழு கிடைத்தால் காலைக் குழுவை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி, தனியாக. அடுத்த முறை அலுவலக வேலையாகப் போனபோது ஒரு வியாழக்கிழமை மதியத்தை இதற்கென்றே ஒதுக்கினேன். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி, நேரே காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போகாமல் பவ்பஜார் தெருவுக்குப் போனேன். இப்போது பி. பி. கங்குலி தெரு என்று பெயர். எண் 210. எந்தக் குழு நடையிலும் இதைச் சேர்த்து நான் பார்க்கவில்லை, ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இங்கேதான் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்கிற டாக்டர் 1876-இல் தொடங்கியது. 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த சி. வி. ராமன், ட்ராமில் போகும்போது இதன் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கி, உள்ளே போய் விசாரித்தார் என்பார்கள். அன்றிலிருந்து காலையில் அலுவலகத்துக்கு முன்னாலும் மாலையில் அலுவலகம் முடிந்த பின்னாலும் இங்கேதான் ஆராய்ச்சி. பத்து வருடம் இப்படி. 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, இப்போது தேசிய அறிவியல் நாளாக நாம் கொண்டாடுகிற அந்த நாளில், ராமன் விளைவைக் கண்டுபிடித்தது இந்த முகவரியில்தான். கூட வேலை பார்த்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர்.

அங்கே இப்போது பார்க்க என்ன இருக்கிறது? ராமன் கால ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. கழகம் ஜாதவ்பூருக்குக் குடிபோய்விட்டது, இந்த முகவரியில் வணிகவியல் கல்லூரி நடக்கிறது. பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால், நடையின் மற்ற பாதிக்கு அர்த்தம் இங்கிருந்துதான் வருகிறது என்பேன். ராமனை அரசாங்க உத்தியோகத்தை விடச் சொல்லிப் பல்கலைக்கழகத்தின் பாலித் இயற்பியல் பேராசிரியராகக் கூட்டிவந்தவர் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி. ராமன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 1917-இல், சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனை மைசூரிலிருந்து 1921-இல் தத்துவப் பேராசிரியராகக் கொண்டுவந்ததும் அதே ஆசுதோஷ்தான். திறமை எங்கே இருக்கிறது என்று தேடி, ஆள் எந்த ஊர் என்று பார்க்காமல் அழைத்துவந்த ஒரு மனிதர். இதைத் தெரிந்துகொண்டு பத்து நிமிடம் வடக்கே நடந்து பல்கலைக்கழக வாசலுக்குப் போய், ஆசுதோஷ் பில்டிங் என்ற பெயரைப் படித்தால் அது வெறும் பெயராக இருக்காது.

அந்த வளாகத்துக்குள் ஒரு சோகமும் இருக்கிறது. 1872-இல் கட்டிய செனட் ஹவுஸ், பெரிய தூண்களோடு கிரேக்கக் கோயில் மாதிரி நின்ற கட்டடம், 1960-இல் அதை இடித்துவிட்டு நூற்றாண்டுக் கட்டடம் கட்டினார்கள். நம் சென்னை செனட் ஹவுஸ் இன்னும் கடற்கரையில் நிற்கிறது. கல்கத்தாவில் பழைய படங்களில் மட்டும்தான். நூற்றாண்டுக் கட்டடத்தில் ஆசுதோஷ் அருங்காட்சியகம் இருக்கிறது, 1937-இல் தொடங்கியது. வேலை நாளில் போனால் இதையும் விசாரித்துப் பாருங்கள், சனி ஞாயிறில் எதிர்பார்க்க வேண்டாம்.

தனியாகப் போவதில் உள்ள சுகமே நின்ற இடத்தில் நிற்கலாம் என்பதுதான். பிரசிடென்சி மதிலோரம் ஒரு கடையில் இயற்பியல் புத்தகம் ஒன்று அடுக்கின் நடுவில் தெரிந்தது, என் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கு. கை காட்டினேன். கடைக்காரர் இடது உள்ளங்கையை அடுக்கின் மேல் அழுத்தி, வலது கையால் அந்தப் புத்தகத்தை மட்டும் சடக்கென்று உருவினார். மேலே இருந்த இருபது முப்பது புத்தகமும் ஒரு படி கீழே இறங்கி அப்படியே உட்கார்ந்தன, ஒன்றுகூடச் சரியவில்லை. புத்தகத்தைத் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் நீல மையில் வங்காளியில் ஒரு பெயர், கீழே 1971 என்று வருடம். அந்த வருடங்களில் இந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது கொஞ்சம் படித்திருந்ததால் எனக்குக் கை நின்றுவிட்டது. நக்சல்பாரி அலை பிரசிடென்சிக்குள் புகுந்து, நன்றாகப் படிக்கிற பையன்களே வகுப்பை விட்டுக் கிராமங்களுக்குப் போன காலம். எதிரே காலேஜ் ஸ்கொயரில் இருக்கும் வித்யாசாகர் சிலையின் தலையை 1970-இல் துண்டித்தார்கள். சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்து, விதவை மறுமணச் சட்டத்துக்காகப் போராடி 1856-இல் அதைக் கொண்டுவர வைத்தவர் வித்யாசாகர். அப்படிப்பட்டவரின் சிலை மேலேயே கோபம் போயிருக்கிறது என்றால் அந்தப் பையன்களின் மனது எவ்வளவு கொதித்திருக்கும். இந்தப் புத்தகத்தின் சொந்தக்காரர் அந்த வருடம் பரீட்சை எழுதினாரா, இல்லை புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போனாரா? அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. புத்தகம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

காபி ஹவுஸும் தனியாகப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. பிரசிடென்சிக்கு எதிரே பங்கிம் சாட்டர்ஜி தெருவில் 15-ஆம் எண், மாடி ஏற வேண்டும். பழைய ஆல்பர்ட் ஹால் அது, 1942-இல் காபி வாரியம் கடை திறந்தது. 1958-இல் மூடப் பார்த்தபோது பேராசிரியர்களே எழுதிக் கேட்டு அதே வருடம் மறுபடி திறக்க வைத்தார்கள். இப்போது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், சுவரில் பெரிய தாகூர் படம். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னால் எழுமே அந்த மாதிரி. நம் ஊர் ஃபில்டர் காபியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். 'இன்ஃப்யூஷன்' என்று கேளுங்கள், பால் இல்லாத கறுப்புக் காபி, விலை ரொம்பக் குறைவு. அதை ஒரு கோப்பை வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் வந்து பில்லை வைக்க மாட்டார்கள். இதை அவர்கள் 'அட்டா' என்கிறார்கள், அரட்டை என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். திண்ணைப் பேச்சும் பட்டிமன்றமும் சேர்ந்தது. அமர்த்தியா சென் பிரசிடென்சியில் படித்த காலத்தில் இங்கே வந்து பேசிக்கொண்டிருந்தவர்தான்.

தனியாகப் போவதன் குறை, உங்களுக்கு முன்பே தெரிந்தது மட்டும்தான் கண்ணில் படும். நான் ராமனைப் பற்றிப் படித்துவிட்டுப் போனேன், ராமன் கிடைத்தார். காலேஜ் ஸ்கொயரின் கிழக்குப் பக்கம் மகாபோதி சங்கத்தின் விகாரை இருக்கிறது, இலங்கையிலிருந்து வந்த அநகாரிக தர்மபாலர் கட்டியது, 1920-இல் திறந்தது. அதைப் பற்றித் தெரியாததால் அந்த முறை அதன் வாசலைத் தாண்டியே போயிருக்கிறேன், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எனவே தனியாகப் போகிறவர்கள் முந்தைய நாள் இரவு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து படித்துவிட்டுப் போவது நல்லது. போய் நின்றுகொண்டு போனில் தேடலாம் என்று நினைக்காதீர்கள், நடைபாதை முழுக்கக் கடை, நீங்கள் நிற்பது ரோட்டில், பின்னால் தலையில் புத்தகக் கட்டோடு ஒருவர் வழி கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, அங்கேயே படித்தவரோடு போவது. என்னோடு முன்பு வேலை பார்த்தவர், பிரசிடென்சியில் பொருளாதாரம் படித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், 'தாதா' என்றுதான் கூப்பிடுவேன், வங்காளியில் அண்ணன் என்று அர்த்தம். "நாளைக்கு மூன்று மணிக்கு வா, சாப்பிட்டுவிட்டு வராதே" என்றார். மூன்று மணிக்குச் சந்தித்தோம், எட்டு மணிக்குப் பிரிந்தோம், மொத்தமாக நடந்த தூரம் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது.

ஆனால் பிரசிடென்சிக்குள்ளே போனது அந்த ஒரு முறைதான். அவர் காவலரிடம் வங்காளியில் என்னவோ சொன்னார், பழைய மாணவர் என்பதற்கு எதையோ காட்டினார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டார்கள். அந்தப் பெரிய படிக்கட்டு. ஜகதீஷ் சந்திர போஸ் முப்பது வருடம் பாடம் நடத்திய கல்லூரி, சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும் ஒரே காலத்தில் படித்த கல்லூரி. 1916-இல் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரை மாணவர்கள் அடித்த விவகாரத்தில் சுபாஷ் சந்திர போஸை வெளியே அனுப்பியதும் இங்கிருந்துதான். நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், தாதா மூன்றாவது படியைக் காட்டி "இங்கே உட்கார்ந்துதான் என் மனைவியை முதல்முறை பார்த்தேன்" என்கிறார். அப்புறம் எந்த வகுப்பில் கூரை ஒழுகும், எந்தப் பேராசிரியர் கையில் புத்தகமே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவார், தேர்தல் சமயத்தில் சுவரில் எழுத யாருடைய கையெழுத்து நன்றாக இருக்கும், இப்படியே போனது.

வெளியே வந்து 'பாராமவுண்ட்' சர்பத் கடை. 1918-இலிருந்து இருக்கிறது. பளிங்கு மேசை, சின்னக் கடை. டாப் சர்பத் என்று ஒன்று, இளநீரில் செய்வது, அடியில் இளநீர் வழுக்கை கிடக்கும், ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட வேண்டும். அந்தச் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தவர் வேதியியல் பேராசிரியர் பிரஃபுல்ல சந்திர ராய் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். இளநீருக்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் குடித்தேன், இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினேன். தனியாகப் போனபோது இந்தக் கடை வாசலையும் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். டெரோசியோவைப் பற்றி தாதா ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஹேர் சமாதிப் பக்கம் போகவே இல்லை. நீங்கள் பார்ப்பது அவருடைய காலேஜ் ஸ்ட்ரீட், உங்களுடையது இல்லை. முதல் தடவை வருகிறவர் இதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஊரின் கதை பாதி விட்டுப்போகும். அது போக, இப்படி ஒருவர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார், காசு கொடுத்து ஏற்பாடு செய்ய முடியாது.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும்: இந்தத் தெருவோடு நிறுத்துவதா, வடக்கே நீட்டுவதா? தெரு வடக்கே விதான் சரணியாக நீள்கிறது, அதில் போனால் 1849-இல் தொடங்கிய பெத்யூன் பள்ளி, பக்கத்தில் கல்லூரி. இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகளான காதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் 1883-இல் பட்டம் வாங்கியது பெத்யூனிலிருந்துதான், காதம்பினி பிறகு இதே காலேஜ் ஸ்ட்ரீட் மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தார். அங்கேயே ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி, 1830. மேற்கே திரும்பினால் ஜோராசங்கோவில் தாகூர் வீடு. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும், பல குழுக்கள் இதையெல்லாம் ஒரே நடையில் கோர்க்கவும் செய்கின்றன. என் அபிப்பிராயம், வேண்டாம். தாகூர் வீட்டுக்கே ஒரு அரை நாள் தேவை, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. பெத்யூனை மட்டும், பெண் கல்வி வரலாற்றில் ஆர்வம் இருந்தால், ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்து வரலாம். மற்றபடி பவ்பஜாரிலிருந்து காபி ஹவுஸ் வரை ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான், அதற்கே நான்கு மணி நேரம் போதாது.

ஆகவே என்னைக் கேட்டால்: புத்தகம் வாசிக்கிற ஆள், ஒரே ஒரு மதியம்தான் கையில் இருக்கிறது என்றால் தனியாகப் போங்கள், வேலை நாளில் பன்னிரண்டு மணி வாக்கில் தொடங்குங்கள். கட்டாயம் ஞாயிறு வேண்டாம், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், காபி ஹவுஸுக்கும் அன்று நேரம் வேறு. வயதான அப்பா அம்மாவோடு, சின்னக் குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் காலைக் குழு நடைதான். மதியக் கூட்டத்தில் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது பெரிய பாடு, நல்ல கழிப்பறை கிடைப்பதும் கஷ்டம், காபி ஹவுஸ் மாடிப்படியும் அவர்களுக்குச் சிரமம். இரண்டு அரை நாள் ஒதுக்க முடிகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாள் காலை குழுவோடு போய்க் கதைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் மதியம் அதே தெருவுக்குத் தனியாகத் திரும்பி வாருங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் மற்ற எதைவிடவும் இது நிறைவாக இருக்கும். அங்கே படித்த ஒருவர் "வா, நான் கூட்டிப்போகிறேன்" என்று சொன்னால் மட்டும் மற்ற எல்லாத் திட்டத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அவரோடு போங்கள், படிக்க வேண்டியதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் என்றும் கேட்பார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடக்கச் சுகம். மழைக்காலத்தில் இந்தப் பகுதியில் தண்ணீர் சட்டென்று தேங்கிவிடும். 2020 மே மாதம் ஆம்பன் புயல் அடித்த மறுநாள் இதே தெருவில் புத்தகங்கள் தண்ணீரில் மிதந்தன, சின்னக் கடைக்காரர்கள் எத்தனையோ பேருக்கு முதலே போய்விட்டது. துர்கா பூஜை சமயத்தில் காலேஜ் ஸ்கொயர் குளத்தைச் சுற்றி விளக்கு போடுவார்கள், பார்க்க அழகு, ஆனால் அந்தக் கூட்டத்தில் இந்த நடை நடக்காது. ஏப்ரல் நடுவில் வெயில் பொறுக்க முடியுமென்றால் ஒரு நாள் உண்டு: வங்காளிப் புத்தாண்டு, நம் சித்திரை முதல் தேதியை ஒட்டி வரும். அன்று பதிப்பாளர்கள் கடையைத் திறந்து வைத்து எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் இனிப்பு கொடுத்து உபசரிப்பார்கள்.

விலை கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், பழைய புத்தகத்தில் பேரம் உண்டு, ஹிந்தியோ ஆங்கிலமோ போதும், "தாதா" என்று ஆரம்பித்தால் முகம் மலரும். வேண்டிய புத்தகத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். தன்னிடம் இல்லாவிட்டால் கடைக்காரரே அந்தச் சீட்டோடு நாலு கடை தள்ளி ஒருவரிடம் போய் வாங்கிவந்து தருவார், எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது. திரும்பும்போது சென்ட்ரலுக்குப் போகாமல் வடக்கே நடந்து மகாத்மா காந்தி ரோடு மெட்ரோவைப் பிடியுங்கள், காபி ஹவுஸிலிருந்து பத்து நிமிடம் ஆகும். கனமான துணிப்பை ஒன்று கையோடு இருக்கட்டும், அவர்கள் புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டித்தான் தருவார்கள், மெட்ரோ படி இறங்குவதற்குள் அது விரலை அறுத்துவிடும்.